சிவப்புக் கயிற்றுப் பை

“மாட்ட அறுத்துப் பாத்தா உள்ள புல்லு இல்லங்க கிராணி ஐயா. பூரா பிளாஸ்டிக் பை!”

பிரேமாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் கூடியிருந்த பெண்களில் பாதிப் பேர் அவளோடு சேர்ந்து மூக்கைச் சிந்தினார்கள். அவள் புருஷன் இருளப்பன் முன்வரிசையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தோட்டத்துக் கடைகளில் பிளாஸ்டிக் பையைத் தடை செய்யலாமா, வேண்டாமா என்று சனங்களைக் கேட்டு முடிவு செய்யச்சொல்லி, துரைதான் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி டக்ளஸை அனுப்பியிருந்தார்.

மளிகைக்கடை பக்கிரிசாமி துள்ளி எழுந்தார். “பேப்பர்ல மடிச்சுக் குடுத்தா மழையில சீனி கரைஞ்சிரும்லா! தஞ்சோங் டாவாய் மீன்காரன் வந்தா மீன எதுல வாங்குவீங்க, முந்தானையிலயா?”

“பை வந்து ஏழெட்டு வருசம்தான் ஆவுது. அதுக்கு முன்ன நாங்க மீனே திங்கலயா?” பிரேமாவதியின் பக்கத்து வீட்டுக் காளியம்மா விடவில்லை. “லோங்காங் சாக்கடையப் போய்ப் பாருங்கண்ணே. பூரா உங்க பைதான். தண்ணி போவ வழியில்ல, கொசுதான் குடித்தனம் பண்ணுது!”

மண்டபமே சிரித்தது. பக்கிரிசாமி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

டக்ளஸ் கையமர்த்தினார். “நானும் அந்த மாட்டுப் பாலக் குடிச்சவன்தான். பிரேமாவதி தூக்குவாளியத் தேய்ச்சு, வெயில்ல காயவெச்சு, மூடி போட்டுத்தான் பால் கொண்டாரும். ஒரே ஒரு தடவ ஏதோ வாடை வருதுன்னு என் வீட்டுக்காரி திருப்பி விட்டா. அப்புறம் ஒருநாளும் குறை சொன்னதில்ல. அப்படிப்பட்ட மாடு இப்படிப் போயிருக்க வேணாம். சரி, தடை வேணுங்கறவங்க கையத் தூக்குங்க.”

முதலில் உயர்ந்த கை இருளப்பனுடையது. பிரேமாவதியால் நம்பவே முடியவில்லை. செத்தது சொந்த மாடு, இத்தனை பேர் பார்க்கும்போது தூக்காமல் என்ன செய்வான் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பாதிக்கு மேல் கைகள் உயர்ந்ததும் பிரேமாவதி எழுந்து கேட்டாள்: “எந்தக் கடையிலயும் கெடயாதுன்னா... கள்ளுக்கடையிலயும்தானே ஐயா?”

“கள்ளுக்கடையிலயும்தாம்மா. நாளையிலேருந்து.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காளியம்மா அவள் கையைக் கிள்ளினாள். “உண்மையச் சொல்லு. மாட்டுக்காகத்தான் அப்படி அழுதியா?”

“மாட்டுக்கும்தான்க்கா.” பிரேமாவதி குரலைத் தாழ்த்தினாள். “அது வயித்துல கெடந்தது பக்கிரிசாமி அண்ணன் கடைப் பை இல்ல. எல்லாத்துலயும் சிவப்புக் கயிறு கட்டியிருந்துச்சு. எங்க வீட்டு ஆளு குடிச்சிட்டு வீசினது. இனிப்பு வாடைக்கு மேஞ்சிருக்கு பாவம்.”

சிவப்புக் கயிறு கட்டிக் கொடுப்பது கள்ளுக்கடையில்தான். போத்தல் சண்டையில் ஒருத்தன் மண்டை உடைந்த நாளிலிருந்து அங்கே போத்தலுக்கு அனுமதியில்லை. கடையிலேயே குடிக்கிறவனை விளக்கு வைக்கும் நேரத்துக்கு வெளியே தள்ளிப் பூட்டிவிடுவார்கள். அன்றைக்கெல்லாம் இருளப்பன் பேசாமல் வந்து படுத்துவிடுவான். பையில் வாங்கிவந்தால்தான் வீட்டில் கச்சேரி.

அடி பொறுக்க முடியாமல் பிரேமாவதி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் போய் ஒண்டுவாள். வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் ஒதுங்க வேறு இடம் ஏது? திகாம் பத்து ஊரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போனால், “அனுசரிச்சுப் போம்மா” என்று அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்புவார். இப்போது துணைக்கு இருந்த மாடும் போய்விட்டது.

“சட்டியில வாங்கிட்டு வந்துட்டா என்னடி செய்வே?”

“தெறந்த சட்டியில தளும்பத் தளும்ப ஏந்திக்கிட்டு லயம் பூரா நடந்து வருவாராக்கா? மானம் போயிரும். ரப்பர்ப் பால் வாளியில ஊத்துனா அந்த நாத்தத்துக்கு அவராலயே குடிக்க முடியாது.” சொல்லும்போதே பிரேமாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்துக் காளியம்மா பார்த்து வெகுநாளாகியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் கொட்டகையில் கோணிச்சாக்கை விரித்து வைக்கிற வேலை இல்லை. பிள்ளைகளை உள்ளேயே உட்காரவைத்துப் பள்ளிக்கூடப் பாடம் எழுதச் சொன்னாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கதவையே பார்த்துக்கொண்டு சமைக்காத ஒரு நாள் தனக்கும் வந்ததே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் இருளப்பன் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். அவள் முதலில் பார்த்தது அவன் வலது கையைத்தான். பை இல்லை.

“வாங்க, சோறு போடட்டுமா?” என்றாள், நிம்மதியாக.

“அவசரமென்ன?” இருளப்பன் சுவரோரமாகக் குந்தினான். முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த இடது கையை முன்னால் கொண்டுவந்து, பளபளவென்றிருந்த தூக்குவாளியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தான். கள் வாடை குப்பென்று வீட்டை நிறைத்தது. பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

“ஐயோ, இது பால் கொண்டுபோற வாளியாச்சே!”

“மாடுதான் செத்துப்போச்சே புள்ள, இனி எந்தப் பாலு கெட்டுப்போவப் போவுது?”