முன்பாயும் சிவப்பு நூலும்

ஒரு சின்னப் பாய்மரப் படகின் முன்பாயில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்று கட்டியிருந்தது. பாய் சரியாக இருந்தால் நூல் நேராகப் படிந்திருக்கும். அளவுக்கு மீறி இறுகினால் துடிக்கும். அதைப் பார்த்துத்தான் படகோட்டி ரெஜினா பாய்க்கயிற்றைத் தளர்த்துவாள்.

பந்தயத்தன்று நூல் துடித்தது. ரெஜினா கயிற்றைக் கொஞ்சம் விட்டாள். முன்பாய்க்குக் கோபம் பொங்கியது.

“எவ்வளவு விறைப்பா நின்னுக்கிட்டிருந்தேன்! ஊரே பார்க்குது. என்னைக் குறை சொல்ல நீ யாரு?”

“நான் குறை சொல்லலை அண்ணே. காத்து உங்க மேல எப்படிப் போகுதோ, அப்படித்தான் ஆடுறேன்” என்றது நூல்.

“எதிர்த்துப் பேசுறியா?”

படகு திரும்பும்போது பாய் படபடவென்று உதறியது. நூல் அறுந்து கடலில் விழுந்தது.

அதன்பின் ரெஜினாவுக்கு அளவு பிடிபடவில்லை. கயிற்றை இழுத்தாள், மேலும் இழுத்தாள். பாய் பலகைபோல விறைத்துப் பெருமையாக நின்றது. படகோ மந்தமானது. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின.

கடைசிப் படகும் தாண்டியதும் முன்பாய் கயிற்றிடம் கொதித்தது.

“இந்தக் காத்தோட ஓரவஞ்சனையைப் பார்த்தியா? எல்லாரையும் தள்ளிவிடுது, என்னை மட்டும் விட்டுடுச்சு!”

கயிறு வாயைத் திறக்கவில்லை. நூலுக்கு நேர்ந்ததை அது பார்த்திருந்தது.