நாளைக்கு வரும் தண்ணீர்

தூக்க மாத்திரைக் கம்பெனியின் கழிவு ஆற்றில் கலக்கத் தொடங்கிய பிறகு, அமலோற்பவத்தின் கணவன் அவளை அடிப்பதில்லை. குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து காக்கைகளைப் பார்த்துச் சிரிப்பான். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் அவளுக்குக் காரணம் தெரியும்.

இன்று ஓசோன் இயந்திரம் தயாராகிவிட்டது. அது ஊதும் வாயு தண்ணீரிலுள்ள மருந்தைச் சிதைத்துவிடும்.

"சுவிட்சைப் போடுங்கம்மா," என்றார் இன்ஜினியர். "ஊரே மாத்திரை போடாம தூங்கி வழியுது. என் மாமனார் கல்யாணப் பந்தியிலேயே குறட்டை விட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சுவிட்சின் மேல் வைத்த விரலை அவள் எடுத்தாள். "ஒரு நிமிஷம் சார்." வெளியே வந்து வீட்டிலிருந்த மகளைப் போனில் அழைத்தாள்.

"ஸ்டெல்லா, குடம், அண்டா எல்லாத்துலயும் தண்ணி பிடிச்சு வை. அப்பாவுக்கு அதைத்தான் குடுக்கணும்."

"ஏம்மா, நாளைக்குத் தண்ணி வராதா?"

"வரும்டி. அதுக்குள்ள பிடிச்சுரு."