மேட்ச் முடியும்வரை

கோபத்தில் தையல்காரர் வீசிய செருப்பு நடுவர் மேல் விழுந்து, கால்பந்து மேட்ச் பாதியில் நின்றுபோனது. வழக்கு நடந்து தீர்ப்பும் வந்தது. உள்ளூர் அணி ஆடும்போதெல்லாம், மேட்ச் முடியும்வரை அவர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு!

ஸ்டேஷனோ மைதானத்துக்குப் பின்சந்தில். அங்கே கத்தினால் இங்கே ஜன்னல் அதிரும்.

"பெனால்டி தரலைன்னா செருப்பைக் கழட்டிடறதா?" தையல்காரர் வந்ததும் வராததுமாகக் காவலுக்கு இருந்த ஏட்டு காய்ச்சி எடுத்தார்.

"நான் மட்டுமா சார்? எனக்கு முன்னாடியே எவனோ எதையோ வீசினான். அதைப் பார்த்துத்தான் எனக்கும் கை துறுதுறுத்துச்சு."

"எவனோ கிணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா? பொறுமை வேணும்யா. என்னைப் பாரு!"

ஜன்னல் அதிர்ந்தது.

"கோல்! நம்ம பசங்கதான்! இது நம்ம ஆளுங்க சத்தம்!" ஏட்டு தையல்காரரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

"இவ்வளவு ஆசை இருக்கே, மைதான டியூட்டி கேட்டு வாங்கலாமே சார்?"

"அங்கதான் இருந்தேன். மாத்திட்டாங்க." ஏட்டு வெறுந்தலையைத் தடவிக்கொண்டார்.

தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"தொப்பி எங்க சார்? பழசைக் குடுங்க, அதே அளவுல புதுசு தைச்சுத் தர்றேன்."

ஏட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பழசு கோர்ட்டுல இருக்குய்யா. உனக்கு முன்னாடி எவனோ வீசினான்னியே... அவன் வீசினது அதைத்தான்."