மூணடி இடைவெளி

"தள்ளி நில்லுங்க... இன்னும் கொஞ்சம். ம், மூணடி. இப்பச் சிரிங்க!"

சித்தி செல்போனில் படம் பிடித்தாள். ஆல்டரேஷன் கடையில் பதினெட்டு வருஷமாகத் தைக்கிறவள். அவள் மூணடி என்றால், டேப் வைத்துப் பார்த்தாலும் மூணடிதான். எடுத்த கையோடு படத்தை ஊரிலிருக்கும் அத்தானுக்கு, அதாவது பெண்ணின் அப்பாவுக்கு, அனுப்பினாள்.

"உங்க சித்தியா, இன்ஸ்பெக்டரா?" என்று முணுமுணுத்தான் லிஃப்ட் மெக்கானிக்.

"சும்மா இரு. சாயங்காலம் வரைக்கும் நாம யாரோ எவரோ."

விஷயம் இதுதான். சித்தி வீட்டில் தங்கியிருக்கும் அந்தப் பெண் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்தவன் அவன். லிஃப்ட் அன்றே சரியாகிவிட்டது. இவன்தான் மூன்று வருஷமாக வந்துகொண்டே இருக்கிறான்.

"காதல்னு என் முன்னாடி வந்து நின்னா, இந்த வீட்ல கல்யாணமே கிடையாது." இது அப்பாவின் சட்டம். வாயைத் திறக்க இருவருக்கும் பயம்.

அப்போதுதான் அடித்தது அதிர்ஷ்டம். சித்திக்குத் தெரிந்த யாரோ ஒரு தரகர் கொண்டுவந்த வரன், சாட்சாத் அவனேதான்!

"மாப்பிள்ளை போட்டோ தபால்ல வந்திருக்கு. உனக்கு அனுப்பட்டுமா?" என்று அப்பா கேட்டார்.

"எதுக்குப்பா? நீங்க பார்த்தா சரி" என்றாள் அந்த உத்தமி. மூன்று வருஷமாகப் பார்க்கிற முகம்தானே!

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ரெண்டு பேரும் ஒரு நாள் ஊரைச் சுத்திப் பார்த்துப் பேசிக்கட்டும். நீ கூடவே போ. நீ சரின்னா சாயங்காலமே நிச்சயம்" என்று சித்தியிடம் சொல்லிவிட்டார். முதல் தடவையாகப் பார்த்துக்கொள்கிற மாதிரி நடிப்பதுதான் பாக்கி. சித்திக்கு மூக்கில் வேர்த்தால் எல்லாம் போச்சு.

படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கிறவள் இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "வழக்கம்போல மேல்தட்டு, கடைசி வரிசைதானே?" என்றாள்.

பெண் சட்டென்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேப்பாங்க போல" என்றான் அவன்.

"அப்ப எனக்கும் அங்கேயே ஒண்ணு வாங்குங்க தம்பி. நடு சீட்" என்றாள் சித்தி.

கரையேறியதும் காப்பி வண்டி. இவர்கள் பக்கத்தில் போவதற்குள் வண்டிக்காரர் இரண்டு கோப்பைகளை நீட்டினார். அவளுக்குச் சர்க்கரை இல்லாமல், அவனுக்கு மூன்று கரண்டி போட்டு.

"இவருக்கு யாரு சொன்னது?"

"மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவார் போல, சித்தி."

"அது சரி. மூணடி!" சித்தி மறுபடி படம் பிடித்தாள்.

அடுத்தது, ஊரையே மேலிருந்து பார்க்கிற கோபுரம். லிஃப்டில் ஏறியதும் மெக்கானிக்கின் வாய் சும்மா இருக்கவில்லை. "பயப்படாதீங்கம்மா. முப்பதாவது மாடியில லேசா ஒரு குலுக்கு குலுக்கும்."

சொன்ன மாதிரியே குலுக்கியது. சித்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ச... சத்தத்தை வச்சே சொல்லிடலாம்மா. தொழிலாச்சே."

சிரிப்பை அடக்கப் பெண் இருமினாள். இருமல் பத்து மாடிக்கு நீண்டது.

உச்சிக்குப் போனதும் இருமல் பட்டென்று நின்றது. அங்கே படம் எடுத்துக் கொடுக்கிற ஒரு கடை. வாசலில் மாதிரிக்கு ஆளுயரப் படம் ஒன்று. அதில் தோள்மேல் கை போட்டுக்கொண்டு ஈறு தெரியச் சிரிக்கிற ஜோடி, இவர்களேதான். இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்தது. அதைப் பெரிதாக்கி மாட்டுவான் என்று யார் கண்டது?

மெக்கானிக் ஓடிப்போய்க் கையை விரித்து மறைத்து நின்றான். "அம்மா, அங்கே பாருங்க, ஆறு!"

"ஆறு இந்தப் பக்கம் இருக்கு தம்பி. தள்ளுங்க."

சித்தி படத்தின் முன் நின்றாள். ஒரு நிமிஷம் முழுசாக நின்றாள். மூன்று வருஷமும் இதோடு முடிந்தது என்று பெண்ணுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"கண்ணாடியை வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றாள் சித்தி. "ஏதோ ரெண்டு குரங்கு சிரிக்கிற மாதிரி இருக்கு. வாங்க, பசிக்குது."

போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் சித்தி வீட்டில் வீடியோ கால். அப்பா உற்சாகமாக இருந்தார்.

"படமெல்லாம் பார்த்தேன். நடுவுல ஒரு லாரியே போகலாம்! ஆமா, தபால்ல வந்த போட்டோவில மாப்பிள்ளை கை ஒரு பக்கமா நீண்டு பாதியில நிக்குதே. என்னன்னு கேட்டியா?"

"கேட்டேன் அத்தான். தூண்மேல கை வச்சிருந்தாராம்."

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?"

"எங்கே? நிமிர்ந்துகூடப் பார்க்கல. அவ்வளவு கூச்சம்."

"அப்புறம் என்ன? நிச்சயம்!"

இருவரும் மூணடி தள்ளி நின்றே குதித்தார்கள்.

மெக்கானிக் கிளம்பிப் போனதும் சித்தி தையல் பெட்டியோடு உட்கார்ந்தாள். கல்யாணப் பெண்ணுக்குப் புது ரவிக்கை தைக்க வேண்டுமே! நூலை ஊசியில் ஒரே தடவையில் கோத்தாள்.

"சித்தி, கண்ணாடி?"

"எனக்கு ஏதுடி கண்ணாடி?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இங்கே வந்த நாலு வருஷத்தில் சித்தி கண்ணாடி போட்டு அவள் பார்த்ததே இல்லை.

"அப்போ... அந்தத் தரகர்?"

சித்தி பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். அதே கோபுரத்துப் படம். கத்தரியால் நூல் பிடித்த மாதிரி நேராக வெட்டிய பாதி. அதில் அவள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள், தோளில் ஆளில்லாத ஒரு கையோடு.

"மாப்பிள்ளை பாதி உங்கப்பாகிட்ட இருக்கு. கல்யாணம் முடிஞ்சதும் வாங்கி ஒட்டிக்கோ" என்றாள் சித்தி.