கரும்புள்ளி இல்லாத வம்சம்

'சீனியர் இன்ஜினியர்' என்று பொறித்த பித்தளைப் பெயர்ப்பலகையைக் கைக்குட்டையால் துடைத்தபடி, பம்ப் கம்பெனியின் வரவேற்பறையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் பெரியவர். மகனின் பெயரைப் போன வாரமே பொறித்தாகிவிட்டது. பதவி உயர்வுக்கான நேர்காணல்தான் இன்று.

"உங்க மகனும் உள்ள போயிருக்கார், மாப்பிள்ளையும் போயிருக்கார். யாருக்குக் கிடைக்கும் ஐயா?" என்று கேட்டாள் வரவேற்பில் இருந்த பெண்.

"இதென்னம்மா கேள்வி? எங்க வம்சத்துல எவன் பேர்லயும் ஒரு கரும்புள்ளி கிடையாது. மாப்பிள்ளை வெளியிலேருந்து வந்தவர். ஐந்நூறு குழாயை ஒரு அடி குட்டையா வெட்ட வெச்சார். வாசலைவிட அகலமா ஒரு பம்ப் பண்ணினார், அதை வெளிய எடுக்கச் சுவரையே இடிச்சாங்க. போன வருஷம் பெரிய மோட்டாரை எரிச்சார்."

"மோட்டார் எரிஞ்ச அன்னிக்கு அவர் லீவுல இருந்தாரில்ல? குழந்தை பிறந்திருக்குன்னு ஆஸ்பத்திரியில..."

"லீவுல இருந்தா தப்பு பண்ண முடியாதா? கெட்டிக்காரன் எங்கேருந்தும் பண்ணுவான்!"

கதவு திறந்தது. மகன் தலை நிமிர்ந்து வந்தான். மாப்பிள்ளை அடுத்து வந்து, பின்னால் வந்த மேலாளர் அம்மாளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெரியவரே, பதவி உங்க மாப்பிள்ளைக்கு" என்றார் மேலாளர்.

பெரியவரின் முதுகு இன்னும் நேரானது. "என்னம்மா அநியாயம் இது! எம் மகன் ஒரு தப்பு பண்ணினதுண்டா?"

"அதையேதான் அவரும் சொன்னார். 'நீங்க பண்ணின பெரிய தப்பு எது, அப்புறம் என்ன செஞ்சீங்க'ன்னு ரெண்டு பேரையும் கேட்டோம். 'அந்தப் பழக்கம் எங்க வீட்டுல இல்லை'ன்னுட்டார் உங்க மகன்."

"சரியாத்தானே சொல்லியிருக்கான்?"

"மேல வர்றவருக்கு வரைபடம் தெரிஞ்சா மட்டும் போதாதுங்க. தப்பு பண்ணிட்டு நடுங்கி நிக்கிறவன் மனசு புரியணும். மாப்பிள்ளை ஃபைல்ல மூணு பெரிய தப்பு. மூணுக்கும் அவரே கையெழுத்துப் போட்டிருக்கார், யாரையும் கை காட்டலை. பட்டறையில ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உக்காந்து பேசிச் சரி பண்ணியிருக்கார். இன்னிக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னா அத்தனை பேரும் கேக்கறாங்க. அந்த மூணு தப்புதாங்க அவருக்கு இந்தப் பதவியை வாங்கிக் குடுத்தது."

சொல்லிவிட்டு மேலாளர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை மிகப் பணிவாகக் குனிந்தார். "எல்லாம் நீங்க குடுத்த வாய்ப்பு மாமா."

பெரியவரின் முகம் சிவந்தது. "வாங்கப்பா, போயிடலாம். எல்லாரும் பாக்கறாங்க" என்று மகன் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தான்.

அவர் உதறிக்கொண்டு ஓடினார். எழுபது வயதுவரை எவர் வாசலிலும் போய் நிற்காத மனிதர், மேலாளர் அறைக் கதவைப் படபடவென்று தட்டினார்.

"அம்மா, அந்த மூணு தப்பையும் பண்ணினது எம் மகன்தாம்மா!"