நாற்பத்தோராவது மாரடைப்பு

"படுடா! சிரிக்காம படு! படகு பக்கத்துல வந்துடுச்சு!"

கேப்டன் தள்ளிய வேகத்தில் சமையல்காரன் கட்டிலில் மல்லாந்து விழுந்தான்.

"கையை நெஞ்சுல வை. அது வயிறுடா! நெஞ்சு இன்னும் மேல!"

"அடுப்புல எண்ணெய் காயுது கேப்டன்..."

"இங்க என் பொழப்பே காயுது. முனகு!"

அவர் கவலை அவருக்கு. இந்த ஜலசந்தியைக் கடக்கும் கப்பல்களுக்கு மூன்று மாதமாக டோல் வசூலிக்கிறார்கள். உயிருக்குப் போராடும் நோயாளி கப்பலில் இருந்தால் மட்டும் விலக்கு. அதற்கு டோல் படகில் வரும் டாக்டரின் கையெழுத்து வேண்டும்.

'ஊர்ல இருக்கிற கேப்டனெல்லாம் கட்டாம வர்றான். நீ கட்டிட்டு வந்தே, அடுத்த பயணத்துக்கு என் மச்சான்தான் கேப்டன்' என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார். அந்த மச்சான் இதே கப்பலில்தான் துணை கேப்டன். காலையிலிருந்து கேப்டன் நாற்காலியின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான்.

'டாக்டர் கயிற்று ஏணியில ஏறவே மாட்டார். கீழே படகுல இருந்தே கையெழுத்துப் போட்டுடுவார்' என்று மற்ற கேப்டன்கள் சொன்ன தைரியத்தில்தான் இந்த நாடகம்.

ஆனால் ஏணி ஆடியது. இரண்டு பேர் ஏறி வந்தார்கள். முன்னால் டோல் அதிகாரி, கறாரான முகம் கொண்ட பெண்மணி. பின்னால் குட்டையாக ஒருவர். தோளில் கனத்த பை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்.



"என்ன கேப்டன், மாரடைப்பா?" என்றார் அதிகாரி.

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"இந்த மாசம் இது நாப்பத்தொண்ணு. டோல் போட்டதுலேருந்து எங்க தண்ணியில ஒருத்தனுக்கும் தலைவலிகூட வர்றதில்லை. நேரா மாரடைப்புதான்."

"டாக்டர் இவ்வளவு தூரம் சிரமப்பட்டு..."

"டாக்டர் இல்லாம எங்க படகு கிளம்பவே கூடாது. சட்டம்" என்றவர், குட்டை மனிதரைப் பார்த்தார். "ஆரம்பிங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஸ்டெதஸ்கோப்பைச் சமையல்காரனின் நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார்.

"எத்தனை வருஷமா ஓடுது?"

"மு... முப்பத்தெட்டு சார்."

"காலையில ஒரே தடவையில எழுந்துக்குமா, ரெண்டு மூணு தடவை உலுக்கணுமா?"

"உலுக்கணும்" என்றார் கேப்டன், வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையை ஒப்புக்கொள்ளும் குரலில்.

"புகை?"

"நாளைக்கு ரெண்டுதான் சார்."

"கறுப்பா வருதா, வெள்ளையா வருதா?"

சமையல்காரன் முனகுவதை நிறுத்திவிட்டுத் திருதிருவென்று விழித்தான். குட்டை மனிதர் அவன் விலாவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"ஐயோ!"

அதுவரை முனகியதில் அது ஒன்றுதான் அசல்.

"டாக்டர், ரொம்ப சீரியஸா?" என்றார் கேப்டன்.

"திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"கரைக்குக் கொண்டு போயா?"

"எதுக்கு? இங்கேயே திறந்துடலாம். அரை மணி வேலை. திருப்பி மூடும்போது ஏதாவது மிச்சமாச்சுன்னா தனியா எடுத்து உங்ககிட்டயே குடுத்துடறேன்."

சமையல்காரனுக்கு வியர்த்தது. "மயக்க மருந்து குடுப்பீங்கள்ல சார்?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே!" என்று ஆச்சரியப்பட்டவர், பைக்குள் கையை விட்டு முழங்கை நீளத்துக்கு ஓர் ஊசிக்குழலை வெளியே எடுத்தார்.

"சார்... இது மாட்டுக்குப் போடறதா?"

"மாடா? இது நூறு குதிரை பலம் இருக்கிறதுக்கு."

அவ்வளவுதான். நோயாளி கட்டிலைத் தாண்டி, கேப்டனைத் தாண்டி, கதவைத் தாண்டிப் பறந்தான். "எனக்கு ஒண்ணுமில்லை! அடுப்புல எண்ணெய்!" என்ற குரல் மட்டும் படிக்கட்டிலிருந்து வந்தது.

"ஓட்டம் நல்லாத்தான் இருக்கு" என்று ஊசிக்குழலைப் பையில் போட்டார் குட்டை மனிதர்.

அதிகாரி டோல் படிவத்தை நீட்டினார். கேப்டன் கையெழுத்துப் போட்டார். கதவோரத்தில் மச்சான், ஆணியில் மாட்டியிருந்த கேப்டன் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்து, கண்ணாடி ஜன்னலில் அழகு பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் ஏணியில் இறங்கிப் போனார்கள். கேப்டன் மனசு கேட்காமல் கப்பலின் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தார்.

படகின் மூலையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், பிளாஸ்டிக் வாளிக்குள்ளிருந்து வெளிறிப்போன முகத்தை மெல்ல உயர்த்தினார். "நோயாளி எப்படி இருக்கான்? எங்கே... கையெழுத்து?"

"இன்னிக்கு வேண்டாம் டாக்டர். நீங்க வாந்தியைக் கவனிங்க" என்றார் அதிகாரி.

குட்டை மனிதர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப் படகின் இன்ஜின் மேல் வைத்து, கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். பிறகு அதன் விலாவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட, படகு கிளம்பியது.