அம்மா கேட்ட உயரம்

மகன் டேரனின் காரின் உயரத்தைத் தாழ்த்தச் சொல்லி சவுந்தரமே சுங்கை பினாங் பட்டறைக்கு வந்தது, மெக்கானிக் யுகேந்திரனுக்கு ஆச்சரியம். இப்படியும் ஓர் அம்மாவா!

"உயரத்தைத் திருகி மாத்தலாமே, அந்தக் காயிலோவர் ஸ்பிரிங்கே போடுங்க தம்பி," என்றார். கூட வந்த டேரன் பூரித்துப்போய்ச் சக்கர ரிம் பார்க்கப் போனான்.

யுகேந்திரன் காயிலோவரை மாட்டி, காரை இறக்கினான். "போதுமாக்கா?"

"இன்னும் இறக்குங்க."

"வேணாம்லா, ரோட்டு ஹம்ப்ல காடியோட அடி தட்டும். ஊர்ந்துதான் போகணும்."

சவுந்தரம் குரலைத் தாழ்த்தினார். "அவன் பறக்குற பறப்புல என் உசிரு என்கிட்ட இல்ல. நான் சொன்னா கேக்க மாட்டான். காடிக்கு அடிபடும்னா கேப்பான்."

யுகேந்திரன் இன்னொரு சுற்று இறக்கினான்.

தெருமுனை வேகத்தடையை டேரன் கைக்குழந்தையை ஏந்திப் போகிறவன்போல் கடந்தான். பக்கத்தில் சவுந்தரம், அவன் காரில் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.